நாகர்: பாம்பா, மனிதரா?

இந்தியப் புராணங்களிலும் தமிழ்க் காப்பியங்களிலும் வரும் இனம் நாகர். இடுப்புக்கு மேல் மனிதர், கீழே பாம்பு என்பது சிற்பிகள் கொடுத்த உருவம். 1977-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் அசுரர் கையேட்டில் நாகர் இடம்பெற்றனர். 2003-இல் ‘வார்கிராஃப்ட் 3’-இன் நீட்சியில் வந்த நாகர், கடலுக்குள் மூழ்கி உருமாறிய எல்ஃப் குலத்தார். தமிழிலோ அவர்கள் பிறப்பு பற்றிய வாதம் இன்னும் தீரவில்லை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகும் வழியில் உள்ள திருவொற்றியூர்க் கோயில் பாம்புப் பக்கம் நிற்கிறது. வாசுகி வழிபட, சிவன் அப்பாம்பைத் தன்னுள் ஏற்றுக்கொண்டார் என்பது தலபுராணம். அதனால் இறைவன் பெயர் படம்பக்கநாதர். மூலவர் புற்று வடிவம். ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருக்கும் அதற்கு, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய 3 நாள் மட்டும் கவசம் களைந்து புனுகுத் தைலம் சாத்துவார்கள்.

மணிமேகலை சொல்வது வேறு. கப்பல் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக் கரையேறும் சாதுவன் என்பவன், நாகர் மலையில் ஒரு மரத்தடியில் தூங்கிப்போகிறான். ஆடையற்ற நாகர்கள் அவனைத் தின்ன எழுப்புகிறார்கள். அவன் அவர்கள் மொழியிலேயே பேச, தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். கள் காய்ச்சும் பானை, புலால் நாற்றம், காய்ந்த எலும்பு. நடுவே பெண்ணோடு தலைவன். வாலோ படமோ எங்கும் இல்லை. மொழியும் தலைவனும் உள்ள மனிதக் கூட்டம் அது. அதே காப்பியத்தில் நாகநாட்டு இளவரசி பீலிவளை சோழனுக்கு மகனைப் பெறுகிறாள்; குழந்தையை ஏற்றிவந்த கப்பல் உடைகிறது; துயரில் சோழன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது.

இந்தக் குழந்தையையே தொண்டைமான் இளந்திரையனாகக் கொண்டவர்கள் உண்டு. திருவொற்றியூர் அடங்கிய தொண்டை மண்டலத்தை ஆண்ட பல்லவர்களும் நாக உறவைப் பெருமையாகச் சொன்னார்கள்: நாகராசன் மகளை மணந்து தங்கள் முன்னோன் வீரகூர்ச்சன் அரசுச் சின்னங்களைப் பெற்றதாக வேலூர்ப்பாளையச் செப்பேடு கூறுகிறது.

ஈழத்திலும் நாகர் அரசர்களே. மகோதரன், சூளோதரன் என்ற இரு நாக மன்னரின் மணியாசனச் சண்டையைப் புத்தர் தீர்த்ததாக மகாவம்சம் சொல்கிறது. யாழ்ப்பாண வல்லிபுரத்தில் 1936-இல் கிடைத்த பொன்னேட்டில் ‘நாகதீவு’ என்ற நாட்டின் பெயரே இருக்கிறது. சங்கப் புலவர்களிலும் முரஞ்சியூர் முடிநாகராயர், மருதன் இளநாகனார் என நாகப் பெயர் தாங்கியோர் பலர்.

1904-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் வி. கனகசபைப் பிள்ளை, மறவர், எயினர், பரதவர் உள்ளிட்டோரை நாக இனத்தில் சேர்த்தார். துணிச்சலான வாதம்தான், ஆனால் அந்தப் பட்டியலுக்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. நாகப் பெயர் தாங்கிய மனிதக் குடிகள் இருந்தார்கள், பாம்பு உடல் பின்னால் ஏறியது என்பது வரைக்குமே சான்றுகள் இடம் தருகின்றன.

நாகரை வைத்து விளையாட்டோ நாவலோ எழுத நினைக்கும் இளைஞர்கள், முதலில் சாதுவன் கதை வரும் மணிமேகலையின் ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’யைப் படித்துவிடுங்கள்.