மொட்டை மாடிக்கு வெள்ளை அடிச்சா பூமியே குளிருமா? காரங்காட்டில் இருந்து ஒரு கணக்கு!

ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே இருக்கிறது காரங்காடு. வனத்துறைப் படகில் ஏறி அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்கப் பலரும் போகிற ஊர். படகில் போகும்போது சுகமாத்தான் இருக்கும். ஆனா கரை ஏறி, ஏப்ரல் மாச மத்தியானத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டுக்குள்ள பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. ஃபேன் போட்டாலும் அனல்தான் இறங்கும். கடலோரக் காத்துல ஈரப்பதம் அதிகம் என்பதால் வேர்வையும் சீக்கிரம் காயாது.

இந்த வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டால்? கூரை, ரோடு என எல்லாத்தையும் வெள்ளையாக்கி, கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அடிக்க வைத்து, பூமியின் சூட்டையே குறைக்கலாம் என்கிற யோசனை ரொம்ப நாளாகவே இருக்கிறது. இது எந்த அளவுக்கு நடக்கும்?

வெள்ளையில் அப்படி என்ன இருக்கு?

சூரிய ஒளி ஒரு பொருளில் பட்டு, உறிஞ்சப்பட்ட பிறகுதான் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் மேலே கிளம்பும்போது கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் அதை மறித்துக்கொள்கின்றன. ஆனால் வெள்ளைப் பரப்பில் பட்டு ஒளியாகவே திரும்புவதை இந்த வாயுக்கள் பெரிசா தடுப்பதில்லை. அது பெரும்பாலும் நேரா வெளியே போய்விடும். மொத்த விஷயமும் இதுதான்.

விழுகிற ஒளியில் எவ்வளவு பங்கு திரும்புகிறது என்பதற்குப் பெயர் ஆல்பிடோ. புதுசா விழுந்த பனிக்கு இது 80 சதவீதத்துக்கும் மேல். கடல் நீருக்கு சுமார் 6 சதவீதம். மொத்த பூமிக்கும் சராசரி 30 சதவீதம். கறுத்த கூரை உச்சி வெயிலில் 66 டிகிரி செல்சியஸ் வரைக்கும், அதுக்கு மேலயும் போகும். அதே இடத்தில் ஒளியைத் திருப்பும் கூரை இருந்தால் 28 டிகிரி வரைகூடக் குறைவாக இருக்கலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. இது கூரையின் மேல்பரப்புச் சூடு. வீட்டுக்குள் குறைவது 2 முதல் 5 டிகிரி. கேட்க சின்ன எண்தான். ஆனா ராத்திரி குழந்தை தூங்குமா, முழிச்சு அழுமா என்பதை முடிவு பண்றது அந்த 2 டிகிரிதான்.

நம்ம ஊரில் இது வந்துடுச்சா?

வந்துடுச்சு. தெலங்கானா 2023-லேயே இதற்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் குளிர் கூரை என்பது இலக்கு. தமிழ்நாட்டில் 200 பசுமைப் பள்ளிகளுக்குக் குளிர் கூரைத் திட்டம். இந்த மாதிரிப் பணிகளுக்காகத்தான் ஐஏஎஸ் அதிகாரி சுப்ரியா சாகுவுக்கு 2025-ல் ஐநா சுற்றுச்சூழல் அமைப்பின் 'சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்' விருது கிடைத்தது. அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்துவிட்டது. அதனால் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம்.

சரி, பூமி குளிருமா?

இங்கதான் கணக்கு இடிக்குது. 2009-ல் ஹாஷெம் அக்பரி, சுரபி மேனன், ஆர்தர் ரோசன்ஃபெல்ட் ஆகிய மூவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 100 சதுர மீட்டர் கறுப்புக் கூரையை வெள்ளையாக்கினால் சுமார் 10 டன் கார்பன் டை ஆக்சைடின் சூட்டை ஈடுகட்டலாம். உலக நகரங்களின் கூரை, சாலை எல்லாத்தையும் வெளிர் நிறமாக்கினால் 4,400 கோடி டன். பிரமாதமா தெரியுதா? எண்ணெய், நிலக்கரி, எரிவாயுவை எரித்து உலகம் இப்போ வருஷத்துக்கு விடுவதே சுமார் 3,700 கோடி டன். அதாவது, உலகமே சேர்ந்து வெள்ளை அடித்தாலும் மிச்சமாவது ஒரு வருஷமும் சில மாசமும்தான். அதுவும் ஒரே ஒரு தடவை.

அப்போ பாலைவனத்தையும் சேர்த்துக்கலாமே? கணினி மாதிரிகளில் அதையும் பார்த்துவிட்டார்கள். பாலைவனங்களை அந்த அளவுக்கு ஒளி திருப்ப வைத்தால் பருவமழை பலவீனமாகும் என்று 2011-ல் வந்த ஓர் ஆய்வு எச்சரித்தது. நிலம் சூடாகிக் கடல் காற்றை இழுப்பதால்தானே பருவக்காற்றே வருது! கண்மாய்த் தண்ணியை நம்பி விதைக்கிற ராமநாதபுரத்துக்காரரிடம் இந்த யோசனையைச் சொல்லிப் பாருங்க.

காரங்காடு சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு. அலையாத்திக் காடு பார்க்கக் கரும்பச்சை. ஆல்பிடோ பரீட்சை வைத்தால் ஃபெயில்தான். ஆனால் அது உறிஞ்சும் ஒளியின் ஒரு பகுதி, இலை வழியே நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. நிழலும் தருது. வேருக்கு அடியில் இருக்கும் சேறு கார்பனைப் புதைத்து வைக்குது. அதை வெட்டி வெளிர் மணலாக்கினால் ஆல்பிடோ மார்க் கூடும், ஊர் வெந்துவிடும். ஆக, வெள்ளை அடிக்க வேண்டியது காட்டுக்கோ கடற்கரைக்கோ இல்லை. தகரம், ஆஸ்பெஸ்டாஸ், சிமென்ட் கூரைகளுக்கு மட்டும்தான்.

வீட்டுக்கு எப்படிச் செய்வது?

பொங்கலுக்குச் சுவரெல்லாம் வெள்ளை அடிக்கிற நாம, வெயில் நேரா விழுற கூரையை ஏன் விட்டோமோ தெரியல! காங்கிரீட் மாடிக்கு, நன்றாக நீர்த்த சுண்ணாம்பில் ஒட்டும் பசை கலந்து இரண்டு, மூன்று கோட் அடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையும், தூசியும் படியும். அதனால் வருஷா வருஷம் மாசியில் திரும்ப அடிக்கணும். கூரைக்கென்றே வரும் வெள்ளை பெயின்ட் விலை கூட, ஆனா சில வருஷம் தாங்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா? மேலே ஏறி நிற்காதீங்க, உடைஞ்சு விழும். பெயின்ட் பிடிக்கணும்னு காய்ந்த ஷீட்டைச் சுரண்டவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிற வீடுகளில், வெள்ளை அடித்த பிறகு வரும் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விட்டுவிடுங்கள்.