வலது பக்கம் தேயுற டயர்: 1-க்கு 60 கதை

இந்த வாரம் கேட்கிறவங்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். பைக்கை சென்ட்டர் ஸ்டாண்டுல போட்டுட்டு, பின்னாடி குந்தி உட்கார்ந்து பின் டயரைப் பாருங்க. நடுப்பகுதி தட்டையா இருந்தா ஆச்சரியம் இல்ல, அது நெடுஞ்சாலை ஓட்டத்தோட அடையாளம். அடுத்து, நடுக்கோட்டுக்கு இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் விரலால தடவுங்க. நம்ம நாட்டுல நிறைய வண்டிகள்ல வலது பக்கம் கொஞ்சம் கூடுதலா தேய்ஞ்சிருக்கும். அமெரிக்காவுல ஓட்டுறவங்களைக் கேட்டா, இடது பக்கம்தான் முதல்ல போகுதுன்னு சொல்லுவாங்க.

ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி டயர். நாடு மாறினா தேயுற பக்கம் மாறுது. அப்போ காரணம் வண்டிக்குள்ள இல்ல, வெளியில இருக்கு. அந்தக் காரணத்தோட வரலாறுதான் இன்னைக்கு.

நான் இருக்கிறது செவிலிமேடு. காஞ்சிபுரத்தோட தெற்கு ஓரம், பாலாற்றுக் கரை. ஆபீஸ் போகணும்னா ஊரைத் தாண்டி, பொன்னேரிக்கரை வந்து, சென்னை நெடுஞ்சாலையைப் பிடிக்கணும். எங்க பக்கத்துல பஞ்சர் கடை வெச்சிருக்கிற ஒரு அண்ணன்கிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டேன். "ரோடே சாய்வாத்தானே தம்பி போட்டிருக்கான், டயர் எப்படி நேரா தேயும்?"னு பட்டுன்னு சொன்னார். உலகம் முழுக்க பைக் ஓட்டுறவங்க சொல்ற முதல் பதிலும் இதுதான். அதனால அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

ரோடு உண்மையிலேயே சாய்வுதான். நடுவுல மேடு, இரண்டு ஓரமும் இறக்கம். மழைத்தண்ணி நிக்காம வடியுறதுக்காக. ஜான் மெக்காடம்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், 1816-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்குப் பொறுப்பேற்றார். அதுக்கு முன்னாடி சாலைகளை ஆமை ஓடு மாதிரி நல்லா உயர்த்திப் போடுற பழக்கம் இருந்தது. வண்டிகள் ஓரத்துக்குப் போனா சாயும்னு பயந்து எல்லாரும் நடுவுலயே ஓட்டுவாங்க, நடு குழியாகும். மெக்காடம் சொன்னது எளிமையானது: அடி மண் ஈரமாகாம இருந்தா போதும், மேல ஒரே அளவில் உடைச்ச சின்னக் கற்களை அடுக்கடுக்கா இறுக்கினா போதும். 30 அடி அகலச் சாலைக்கு நடுவுல 3 அங்குலம் உயரம் இருந்தா தண்ணி வடிஞ்சிடும்.

கணக்குப் போடுங்க. நடுவுல இருந்து ஓரத்துக்கு 15 அடி, அதாவது 180 அங்குலம். அதுக்கு 3 அங்குலம் இறக்கம். 1-க்கு 60.

அவரோட முறைதான் நம்ம ஊருக்கு கப்பி ரோடா வந்தது. 1934-இல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் உருவாச்சு. நல்ல தார் ரோட்டுக்கும் சிமெண்ட் ரோட்டுக்கும் அவங்க விதிமுறையில் இருக்கிற குறுக்குச் சரிவு 1.7 முதல் 2 சதவீதம். அந்த 1.7 சதவீதம்னா என்ன? அதே 1-க்கு 60. மாட்டுவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் போட்ட கணக்கு, இருநூறு வருஷம் கழிச்சு உங்க டயருக்கு அடியிலயும் இருக்கு.

இப்போ நாம இடது பக்கம் ஓட்டுறோம். ரோடு இடது பக்கமா இறங்குது. வண்டி நேரா நிக்குது. அப்போ தரையோட மேடான பகுதி டயரோட வலது பக்கத்தைத்தான் முதல்ல தொடும். வலது பக்கம் ஓட்டுற நாடுகள்ல இது அப்படியே கண்ணாடி பிம்பம் மாதிரி, இடது பக்கம் தொடும். அண்ணன் சொன்னது சரி. ஆனா எவ்வளவு சரி?

2 சதவீதச் சரிவுன்னா கோணத்துல சுமார் 1.15 டிகிரி. பின் டயரோட குறுக்கு வளைவோட ஆரம் 55 மில்லிமீட்டர்னு வெச்சுக்கிட்டா, தரையைத் தொடுற இடம் நடுக்கோட்டை விட்டு நகர்ற தூரம் வெறும் 1.1 மில்லிமீட்டர். தொடுற பகுதியோட அகலமே சில சென்டிமீட்டர் இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்போது இந்த 1 மில்லிமீட்டரும் கணக்குல சேரும்தான். ஆனா நடுக்கோட்டுல இருந்து இரண்டு விரல் தள்ளி, தோள்பட்டை வரைக்கும் போற தேய்மானத்துக்கு இது போதாது. அந்த இடம் தரையைத் தொடணும்னா வண்டி சாஞ்சிருக்கணும்.

சாய்றதுக்கும் ஒரு வரலாறு உண்டு. காத்தடைச்ச டயருக்கு முதல்ல காப்புரிமை வாங்கினவர் ராபர்ட் தாம்சன், 1845-இல். அது மறந்துபோய், 1888-இல் பெல்ஃபாஸ்ட்டுல ஜான் டன்லப்ங்கிற கால்நடை மருத்துவர் தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காக மறுபடி கண்டுபிடிச்சார். கார் டயர் கிட்டத்தட்ட நிமிர்ந்தே ஓடும். பைக் டயர் மட்டும்தான் தன் பக்கவாட்டிலயும் ஓடியாகணும். 1960-கள்ல டன்லப் நிறுவனம் ரேஸுக்காக முக்கோண வடிவ டயரைக் கொண்டுவந்தது. நேரா போகும்போது கூரான நடுப்பகுதியில் கொஞ்சம் ரப்பர், சாயும்போது அகலமான பக்கத்தில் நிறைய ரப்பர். 1969-இல் மால்கம் அப்ஹில் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில், கடையில் விற்கிற ரக ட்ரயம்ஃப் பைக்கில் சராசரி 100 மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடிச்சார். அந்த டயருக்கு அப்புறம் டிடி 100-ன்னே பேர் வெச்சாங்க.

நம்ம பக்கம் இந்தக் கதை திருவொற்றியூர்ல நடந்தது. 1946-இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பிச்ச எம்.ஆர்.எஃப், 1952-இல் டயரோட மேல்பட்டை ரப்பருக்கு மாறுச்சு. தேயுறதே அந்தப் பகுதிதான். 1955-இல் என்ஃபீல்ட் இந்தியா உருவாகி, புல்லட் தயாரிப்பும் அதே திருவொற்றியூருக்கு வந்தது. சோழவரத்துல உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. பிறகு 1990-இல் எங்க ஊருக்கும் சென்னைக்கும் நடுவுல, இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் திறந்தாங்க.

வண்டி எவ்வளவு சாயணும்ங்கிறதை இரண்டு விஷயம் முடிவு பண்ணுது: வேகம், வளைவோட ஆரம். வேகம் இரண்டு மடங்கானா சாய்வுக்கான தேவை நாலு மடங்காகும். ஆரம் பெருசானா தேவை குறையும். உங்க எடை இதுல வரவே வராது.

இப்போ ஒரு நாற்சந்தி. இடது பக்கம் திரும்பினா ஓரத்தை ஒட்டின சின்ன வளைவு, ஆரம் 6 மீட்டர்னு வைங்க. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்துல போனா 23 டிகிரி சாயணும். வலது பக்கம் திரும்பினா எதிர்ச் சாலையைக் கடந்து போகணும், ஆரம் 12 மீட்டர். அதே 23 டிகிரிக்கு மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துல போகலாம். சாய்வு ஒண்ணுதான், டயர் மேல வர்ற பக்கவாட்டு இழுவையும் ஒண்ணுதான். ஆனா இடது திருப்பத்துல டயர் சாஞ்சபடி ஓடுறது 9.4 மீட்டர். வலது திருப்பத்துல 18.8 மீட்டர். சரியா இரண்டு மடங்கு.

"காலையில எத்தனை தடவை இடது திரும்பினேனோ, சாயங்காலம் அத்தனை தடவை வலது திரும்பித்தானே வீட்டுக்கு வரேன்?"னு நீங்க கேட்கலாம். சரியான கேள்வி. எண்ணிக்கை சமமாயிடும். தூரம் சமமாகாது. கூடவே, யூ-டர்ன் எப்பவுமே வலது. ரவுண்டானா வலது பக்கச் சுத்து. ஏலகிரியோட 14 கொண்டை ஊசி வளைவுகள்லயும், வலது வளைவுக்கு நீங்க வெளி ஓரத்துல இருப்பீங்க, இடது வளைவுக்கு உள் ஓரத்துல. மறுபடியும் வலதுக்குத்தான் நீளம் அதிகம்.

இது எல்லாத்துக்கும் மூலம் ஒரே முடிவு: இடது பக்கம் ஓட்டணும். பிரிட்டன் 1835-ஆம் வருஷ நெடுஞ்சாலைச் சட்டத்தில் அதை எழுதி வெச்சது. காலனி வழியா அது நமக்கு வந்தது. 1989-ஆம் வருஷ சாலை விதிகள்லயும் அதுதான் இருந்தது. ஆக உங்க டயரோட வலது தோள்ல இருக்கிறது முக்கியமா அந்த முடிவோட தடம். ரோட்டுச் சரிவோட பங்கு சின்னது.

நம்ம நாட்டுக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கு. புடவை. பின்னாடி இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு, ஒருக்களிச்சு உட்கார்றது. அதுக்காகவே 1989 மோட்டார் வாகன விதிகள்ல, பின் சக்கரத்தைப் பாதியாவது மறைக்கிற சேலை கார்டு கட்டாயமாச்சு. இப்போ 55 கிலோ எடை நடுக்கோட்டை விட்டு 12 சென்டிமீட்டர் இடது பக்கம் தள்ளி இருக்குன்னு வைங்க. வண்டியும் ஆட்களும் சேர்ந்து 250 கிலோ. விழாம இருக்கணும்னா வண்டி 2 டிகிரிக்கும் மேல வலது பக்கம் சாஞ்சுக்கிட்டே நேர் ரோட்டுல ஓடணும். இது ரோட்டுச் சரிவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்க ஊர்ல பட்டுச்சேலை மூட்டையை ஒரே பக்கம் தொங்கவிட்டு ஓட்டுற வண்டிகளுக்கும் இதே கணக்குதான், எந்தப் பக்கம் மூட்டையோ அதுக்கு எதிர்ப் பக்கம் தேயும்.

சரி, ஒரு பக்கம் தேஞ்சா என்ன இப்போ? இதுக்கு நல்ல பதில் 2013-இல் கிடைச்சது. காஞ்சியில வரதராஜப் பெருமாள் தேர் வைகாசியில வீதி சுத்தும்போது, நாலு மூலையிலும் முட்டுக்கட்டை போட்டு வலது பக்கமே திருப்புவாங்க. வலம் வர்றதுன்னா அதுதானே. பந்தயத் தடமும் அப்படித்தான், ஒரே திசைச் சுத்து, திரும்பி வர்ற பயணம் கிடையாது. ஆஸ்திரேலியாவோட ஃபிலிப் ஐலண்ட் தடம் இதுக்கு நேர் எதிர், இடம் சுத்துற தடம். 4.448 கிலோமீட்டர், 7 இடது வளைவு, 5 வலது வளைவு. இடது வளைவுகள் நீளமானவை, வேகமானவை. அந்த வருஷம் தடத்துக்குப் புதுசா தார் போட்டிருந்தாங்க. பயிற்சியிலேயே பின் டயர்கள் தாங்கல. 27 சுற்று மோட்டோஜிபி பந்தயத்தை 19 ஆக்கினாங்க. ஒரு டயர்ல 10 சுற்றுக்கு மேல யாரும் ஓட்டக் கூடாது, நடுவுல பைக்கையே மாத்தணும்னு உத்தரவு. ஒரு சுற்று தாமதமா உள்ள வந்த மார்க் மார்க்கெஸுக்குக் கறுப்புக் கொடி காட்டி வெளியேத்தினாங்க. இந்த மாதிரி தடங்களுக்கு இடது ஒரு ரப்பர், வலது ஒரு ரப்பர்னு ஒரே டயர்ல கலந்து செய்றது இதனாலதான்.

நமக்கு யாரும் கறுப்புக் கொடி காட்டப் போறதில்ல. சட்டம் கேட்கிறது இரு சக்கர வாகனத்துக்கு குறைஞ்சது 0.8 மில்லிமீட்டர் பள்ளம். பெரும்பாலும் நாம அதை நடுவுல மட்டும் பார்த்துட்டு "இன்னும் ஓடும்"னு விட்டுடுவோம். ஆனா முதல் மழையில, எண்ணெய் கலந்த தண்ணி மேல, நீங்க வலது திரும்புறப்போ தரையைத் தொடுறது நடுப்பகுதி இல்ல. அந்த ஓரம்தான்.

இன்னொண்ணு. நடு தட்டையாகி, பக்கம் வளைவா இருந்தா, இரண்டுக்கும் நடுவுல ஒரு விளிம்பு உருவாகும். வண்டியைச் சாய்க்கும்போது முதல்ல முரண்டு பிடிக்கும், அந்த விளிம்பைத் தாண்டினதும் திடீர்னு விழுற மாதிரி சாயும். அதுவும் ஒரு பக்கம் அதிகம் தேஞ்சிருந்தா, இடது திருப்பம் ஒரு மாதிரியும் வலது திருப்பம் ஒரு மாதிரியும் இருக்கும். கை ஒரு பக்கத்துக்குப் பழகி, அடுத்த பக்கத்துல ஏமாறும்.

அதனால இனிமே மூணு இடத்துல பாருங்க: நடு, இடது தோள், வலது தோள். மூணுல எது மோசமோ அதுதான் உங்க டயரோட வயசு. டயர் குளிர்ந்திருக்கும்போது காத்து அளவைச் சரிபாருங்க. குறைஞ்சா ஓரங்கள் தேயும், கூடினா நடு தேயும். பின் டயர்ல அம்புக்குறி இருந்தா, சமமாத் தேயட்டும்னு கழட்டித் திருப்பிப் போடாதீங்க. மூட்டை கட்டினா இரண்டு பக்கமும் பிரிச்சுக் கட்டுங்க.

உங்க வண்டியில எந்தப் பக்கம் அதிகம் தேஞ்சிருக்குன்னு பார்த்துட்டு எழுதுங்க. எந்த ஊர், தினமும் எந்த வழி, பின்னாடி யார் எப்படி உட்கார்றாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. வலது பக்கம் ஓட்டுற நாடுகள்ல இருக்கிற நம்ம ஆளுங்க கட்டாயம் எழுதணும், உங்க இடது தோள்தான் எங்களுக்கு ஒப்பீடு. அடுத்த வாரம் சந்திப்போம்.