வாயிற்கதவு எரிந்த வரலாறு

ஒரு நாட்டின் தலைமை எத்தகையது என்பதை அரண்மனைகளின் உயரத்தைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. மிக எளியவன் ஒருவன் முறையிட்டால் அம்முறையீடு யார் செவிவரை செல்கின்றது என்பதே உண்மையான அளவுகோலாகும். இஸ்லாமிய வரலாற்றின் தொடக்க நாட்களை இந்நோக்கில் ஆராய்வது நம் இளைஞர்களுக்குப் பெரும்பயன் நல்கும்.

கி.பி. 632-இல் நபிகள் நாயகம் அவர்கள் மதீனாவில் மறைந்தபின், அபூபக்கர் அவர்கள் முதற் கலீபாவாக ஆட்சிப் பொறுப்பேற்றார்கள். தாம் மக்களுள் மிகச் சிறந்தவர் அல்லர் என்றும், நேர்வழி நடந்தால் துணைநிற்குமாறும், தவறினால் திருத்துமாறும் தம் முதலுரையில் அவர்கள் வேண்டியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எளியவனுக்குரிய உரிமையைப் பெற்றுத் தரும்வரை அவனே தம் முன் வலியவன் என்றும் அவர்கள் அறிவித்தார்கள்.

இச்சொல் செயலாயிற்றா? குலப்பெருமையே மனிதனின் மதிப்பை வகுத்த நாடு அது. அங்கு, அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஸைத் என்பாரின் மகன் உசாமா, ஏறத்தாழ இருபது வயதில், நபிகள் நாயகத்தாலேயே படைத்தலைவராக அமர்த்தப்பட்டிருந்தார். அவரை மாற்றுமாறு சிலர் வற்புறுத்தினர். அபூபக்கர் இணங்கவில்லை. உசாமா குதிரைமீது செல்ல, நாட்டின் தலைவர் உடன் நடந்துசென்று வழியனுப்பினார். உமரைத் தமக்குத் துணையாக மதீனாவில் நிறுத்திக்கொள்ளவும் அவ்விளைஞரிடமே அனுமதி கேட்டார்.

அடுத்து வந்த உமர் அவர்களின் ஆட்சியில் (634–644) சிரியா, ஈராக், எகிப்து ஆகியவை ஆட்சிக்குட்பட்டன. தொலைவிலுள்ள ஆளுநர் தவறிழைத்தால் தடுப்பவர் யார்? ஈராக்கின் கூஃபா நகரில் ஸஅது என்பார் ஆளுநராயிருந்தார். பாரசீகப் பேரரசை வென்ற பெருவீரர் அவர். கடைத்தெருவின் இரைச்சல் தாளாது தம் மாளிகைக்கு அவர் வாயிற்கதவு அமைத்தார். செய்தியறிந்த உமர், மக்களுக்கும் ஆளுநருக்கும் இடையே தடை எழலாகாது எனக் கருதி, தூதரை அனுப்பி அக்கதவை எரிக்கச் செய்தார் என்பது வரலாறு.

பின்னர் ஸஅதின் மீது முறையீடு எழுந்தது. உமர் விசாரணைக்கு ஆளனுப்பினார். பள்ளிவாசல்தோறும் மக்களிடம் கேட்கப்பட்டது, பலரும் புகழ்ந்தனர். ஒருவர் மட்டும் எழுந்து, ஆளுநர் பங்கீட்டிலும் தீர்ப்பிலும் நடுவுநிலை பேணுவதில்லை என்றார். அவ்வாறு சொன்னதற்காக ஆட்சி அவரைத் தண்டிக்கவில்லை. ஸஅது நம்பிக்கைக்கேடு செய்தவரென்று உமர் கருதவில்லை; எனினும் பதவியிலிருந்து அவரை மாற்றினார். அவ்விடத்தில் அமர்ந்தவர் அம்மார். சுமைய்யா என்னும் அடிமைப் பெண்ணின் மகன். சில காலத்தில் அம்மாரின் ஆட்சித்திறன் குறித்தும் மக்கள் குறைகூறவே, அவரும் மாற்றப்பட்டார். பிறப்பைக் காட்டி அவருக்குப் பதவி மறுக்கப்படவும் இல்லை. குறை எழுந்தபோது சலுகை காட்டப்படவும் இல்லை.

இக்காலத்தைக் குறையற்ற பொற்காலமெனப் புகழ்வது உண்மைக்கு மாறாகும். அடிமைமுறை ஒழிக்கப்படவில்லை. 661-இல் முஆவியா ஆட்சியைப் பெற்றார். 680-இல் அவர் மகன் யஸீத் பட்டத்துக்கு வந்தார். தலைமை குடும்பச் சொத்தாயிற்று. இஸ்லாத்தைத் தழுவிய அரபியர் அல்லாதார் ‘மவாலி’ எனப்பட்டுத் தாழ்வாக நடத்தப்பட்டனர். அவர்களுள் பலரிடம், மாற்றுச் சமயத்தாருக்குரிய தலைவரியும் தொடர்ந்து வசூலிக்கப்பட்டது. 717 முதல் 720 வரை ஆண்ட இரண்டாம் உமர் அவ்வரியை நீக்க ஆணையிட்டார். அவர் மறைந்தபின் அந்த அநீதி மீண்டும் தலைதூக்கியது.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? நல்லவர் ஒருவர் ஆள்வதனால் மட்டும் நீதி நிலைப்பதில்லை. தலைவரைக் கேள்வி கேட்கும் வழி, அவருக்குப் பின்னும் திறந்திருத்தல் வேண்டும். இளைஞர்களே! நாளை நீங்கள் எப்பொறுப்பை ஏற்பினும், கூஃபாவில் எழுந்து பேசிய அந்த ஒருவரை நினைவிற் கொள்ளுங்கள். அவர் போன்றோர் அச்சமின்றிப் பேசும் அவையே நல்லவை.