கோச் வாயைத் திறக்கக் கூடாது! - ஒரு கூடைப்பந்துக் கதை

கிரிக்கெட்னா பத்துப் பதிவு தாங்கும், கூடைப்பந்துன்னா எத்தனை பேர் எட்டிப் பார்ப்பீங்கன்னு தெரியலை. பரவாயில்லை மக்களே, எழுதிடறேன். இது ஆட்ட விமர்சனம் இல்லை. ஒரே ஒரு கேள்வியோட வரலாறு. ஆட்டத்துக்கு நடுவுல முடிவு எடுக்க வேண்டியது யாரு? பந்தை வெச்சிருக்கிறவனா, ஓரமா நின்னு கத்துறவரா?

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கலாம். 1891 டிசம்பர். அமெரிக்காவுல ஸ்ப்ரிங்ஃபீல்ட் நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. ஜேம்ஸ் நெய்ஸ்மித்ங்கிற வாத்தியார், குளிர்காலத்துல உள்ளுக்குள்ளயே ஆடறதுக்குன்னு ரெண்டு பீச் பழக்கூடையை மாட்டி, 13 விதிகள் எழுதினார். அந்த 13ல நடுவர் உண்டு, கேப்டன் உண்டு. கோச்னு ஒரு ஆளே கிடையாது! (அதே பள்ளியில படிச்ச ஹாரி குரோ பக்தான் 1920ல சென்னையில ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பிச்சவர். நந்தனம் பக்கம் பஸ்ல போனவங்களுக்குத் தெரிஞ்ச இடம்தான்.)

நெய்ஸ்மித்தே பிறகு கான்சாஸ் பல்கலைக்கழக அணியைக் கவனிச்சுக்கிட்டார். ஜெயிச்சது 55, தோத்தது 60. அந்த அணியோட வரலாற்றுல வெற்றியைவிட தோல்வி அதிகமா வெச்சிருக்கிற ஒரே கோச், ஆட்டத்தைக் கண்டுபிடிச்ச அவரேதான் :-) இது கத்துக் குடுக்கிற சமாச்சாரம் இல்லை, ஆடிப் பார்க்கிற சமாச்சாரம்ங்கிறது அவரோட எண்ணம்னு சொல்லுவாங்க.

விதியும் அவர் பக்கம்தான் இருந்தது. 1910ல அமெரிக்க விதிப் புத்தகத்துல, ஆட்டம் நடக்கும்போது வெளியில இருந்து யாரும் கோச்சிங் பண்ணக் கூடாதுன்னு போட்டாங்க. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. டைம் அவுட்ல கூட கோச் தன் பசங்ககிட்ட பேசலாம்னு அனுமதி வந்தது 1949லதான். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கோச்சுக்கு வாய்ப்பூட்டு!

அப்படின்னா ஆடறவங்க அருமையா முடிவெடுத்தாங்களா? அதுதான் இல்லை. 1950 நவம்பர் 22ம் தேதி ஃபோர்ட் வெய்ன் அணி, மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18ன்னு ஜெயிச்சது. முழு ஆட்டத்துக்கும் ரெண்டு அணிக்கும் சேர்த்து 37 புள்ளி. பந்தைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா நின்னா போதும்ங்கிற நிலைமை. முடிவே எடுக்காம இருக்கிறதுதான் சிறந்த முடிவுன்னா ஆட்டம் எப்படி உருப்படும்?

இதுக்கு மருந்து கண்டுபிடிச்சது நம்ம இத்தாலிக்காரர் ஒருத்தர். 1909ல மில்யானிகோங்கிற ஊர்ல பிறந்து, சின்ன வயசுலயே அமெரிக்கா போன டேனி பியாசோனே. சிராக்யூஸ் நகரத்துல பௌலிங் விளையாட்டுக் கூடம் நடத்தினவர், அந்த ஊர் அணிக்கும் முதலாளி. (சிராக்யூஸ்ங்கிற பேரே நம்ம சிசிலியில இருக்கிற சிரகூசாவோட பேருதான்!) அவரும் லியோ ஃபெர்ரிஸும் போட்ட கணக்கு ரொம்ப எளிசு. ஆட்டம் 48 நிமிஷம், அதாவது 2880 விநாடி. நல்ல ஆட்டத்துல ரெண்டு அணியும் சேர்ந்து 120 தடவை கூடைக்கு எறியும். 2880ஐ 120ஆல வகுத்தா 24. அந்த 24 விநாடிக்குள்ள எறிஞ்சே ஆகணும். 1954ல என்.பி.ஏ.வுல விதி வந்தது. அடுத்த வருஷமே பியாசோனேவோட அணி சாம்பியன். ஐரோப்பிய ஆட்டத்துல முதல்ல 30 விநாடியா இருந்து, 2000த்துல 24 ஆச்சு.

நேரம் சுருங்கினதும், வாய்ப்பூட்டு கழண்ட கோச் பெரிய ஆளாயிட்டார். விரலைக் காட்டினா ஒரு திட்டம், நம்பர் சொன்னா இன்னொரு திட்டம். இங்க சிசிலியில கத்தானியாவுல பிறந்த எத்தோரே மெஸ்ஸினா 1998, 2001, 2006, 2008ன்னு நாலு தடவை யூரோலீக் ஜெயிச்சார். கோச்சே நட்சத்திரம்ங்கிற காலம்.

ஆனா எதிரணிக்கும் கண்ணு இருக்கே? மனப்பாடம் பண்ணின திட்டத்தை அவன் அடைச்சுட்டா அடுத்து என்ன? டெக்ஸ் வின்டர் 1962ல முக்கோண ஆட்டமுறை பத்திப் புத்தகமே எழுதினார். அதுல பந்து எங்க போகணும்னு தீர்மானிக்கிறது நம்பர் இல்லை, எதிரே நிக்கிறவன் என்ன செய்யறான்ங்கிறதுதான். 1991ல இருந்து 1998க்குள்ள சிகாகோ புல்ஸ் வாங்கின ஆறு பட்டமும் இந்த வழியிலதான்.

இதுக்கு அறிவியல் ஆதாரம் இன்னும் பழசு. 1920கள்ல மாஸ்கோவுல நிகோலாய் பெர்ன்ஸ்டைன், சுத்தியல் அடிக்கிற தொழிலாளிகளைப் படம் பிடிச்சுப் பார்த்தார். அடி ஒரே இடத்துல விழுது. ஆனா கை போற பாதை ஒவ்வொரு தடவையும் வேற. கைதேர்ந்தவன் அசைவை மனப்பாடம் பண்றதில்லை, ஒவ்வொரு முறையும் புதுசா தீர்த்துக்கிறான். அப்போ, பிளாஸ்டிக் கூம்பைச் சுத்தி நூறு தடவை ஓட விட்டா பையன் ஓடத்தான் கத்துக்குவான். கூம்பு குறுக்கே கை நீட்டாதே!

பலேர்மோவுல இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. சாயங்காலம் அந்தப் பசங்களும் இத்தாலியப் பசங்களும் சேர்ந்து ஆடற ஒரு இடத்துல நானும் பயிற்சிக்குக் கை குடுக்கிறேன். பன்னிரண்டு, பதின்மூணு வயசுப் பசங்க. இதுல ஒருத்தன், ஆஸ்பத்திரியில டாக்டர் சொல்றதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கிறவன். வீட்டுக்கு வர்ற அரசாங்கக் கடுதாசியைப் படிச்சு அப்பாவுக்கு என்ன செய்யணும்னு சொல்றவன். அவனே பந்து கையில வந்ததும் திரும்பி, "அண்ணா, இப்ப என்ன செய்யிறது?"ன்னு கேப்பான்.

அதனால கடைசிப் பதினைஞ்சு நிமிஷம் எங்க யாருக்கும் வாய் கிடையாதுன்னு வெச்சோம். ரெண்டு பேருக்கு எதிரா ஒருத்தன், மூணு பேருக்கு எதிரா ரெண்டு பேர், எட்டு விநாடிதான் டைம். முடிஞ்சப்புறம் திட்டு கிடையாது, கேள்வி மட்டும்: "எதிர்ல யாரைப் பார்த்தே?" முதல் ரெண்டு வாரம் ஒரே களேபரம். மூணாவது வாரத்துல இருந்து பசங்க தமிழும் சிசிலியனும் கலந்து தங்களுக்குள்ள கத்த ஆரம்பிச்சாங்க. எங்களை யாரும் திரும்பிப் பார்க்கலை. அதைவிட வேற என்ன வேணும்?

வரலாறும் ஒரு சுத்து சுத்தி வந்திருக்கு பாருங்க. 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல மூணுக்கு மூணு கூடைப்பந்து முதல் தடவையா வந்தது. 12 விநாடிக் கடிகாரம். அங்க பெஞ்சுல கோச்சுக்கு இடமே இருக்கலை. 2018ல பிலிப்பைன்ஸ்ல அந்த வகை உலகக் கோப்பையை ஜெயிச்சது இத்தாலிப் பெண்கள்தான், அவங்க முடிவை அவங்களே எடுத்து.

வாய்ப்பூட்டு மட்டும் போட்டா 19-18தான் கிடைக்கும். வாயைத் திறந்தே வெச்சா பையன் நம்மளையே பார்ப்பான். ஆட்டத்துக்கு முன்னாடி சரியான சிக்கலைக் குடுக்கணும், ஆட்டத்துல சும்மா இருக்கணும். நெய்ஸ்மித் சொன்னதுல பாதி உண்மை. நம்ம ஊர் விளையாட்டு வாத்தியார்கள் இதுல எந்த வகைன்னு நீங்கதான் சொல்லணும் :-)