ஓடையும் இசையும் ஓர் எளிய விதியும்

1808ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், வியன்னா நகரில் பீத்தோவனின் ஆறாம் சிம்பனி முதன்முதலாக அரங்கேறியது. நாட்டுப்புற வாழ்வை நினைவூட்டும் இதற்குப் 'பாஸ்டரல்' என்று பெயர். ஓடைக்கரையைச் சித்திரிக்கும் இரண்டாம் பகுதியின் முடிவில் புல்லாங்குழல் நைட்டிங்கேல் பறவையாகவும், ஓபோ காடையாகவும், கிளாரினெட் குயிலாகவும் குரல் கொடுக்கின்றன. நான்காம் பகுதியில் முரசுகள் இடியாக முழங்குகின்றன.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பீத்தோவனின் செவிப்புலன் குன்றத் தொடங்கிவிட்டது. அருகில் நிற்பவருக்குக் கேட்கும் தொலைதூரக் குழலோசை தமக்குக் கேட்கவில்லையே என்று, 1802இல் தம் தம்பியருக்கு எழுதிய கடிதத்தில் அவர் வருந்துகிறார். அந்நிலையிலும் அவர் இயற்கையை நாடினார். எனினும் இச்சிம்பனி இயற்கையின் ஓவியமன்று, இயற்கை எழுப்பும் உணர்ச்சியின் வெளிப்பாடே என்பது அவர் கருத்து.

அப்படியானால், பறவைக்குரல் இல்லாத இசையிலும் இயற்கையின் சாயல் உண்டா? இவ்வினாவுக்கு இயற்பியலிலிருந்து ஒரு விடை வந்தது. அமெரிக்காவில் பெர்க்லியில் ரிச்சர்ட் வாஸ், ஜான் கிளார்க் ஆகியோர் மின்தடைகளில் எழும் இரைச்சலை ஆராய்ந்து வந்தனர். (வேறோர் ஆய்வுக்காகக் கிளார்க் 2025இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) அவ்வாய்வு முறையையே அவர்கள் இசைக்கும் பயன்படுத்தி, 1975இல் முடிவுகளை வெளியிட்டனர். இசையின் சுருதியிலும் ஒலியளவிலும் மெதுவாக நிகழும் மாற்றங்கள் பெரியவை. விரைவாக நிகழ்பவை சிறியவை. மாற்றத்தின் திறன் அதன் அதிர்வெண்ணுக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் அமைந்திருந்தது. நைல் நதியின் வெள்ள அளவுகளிலும், இதயத்துடிப்புகளின் இடைவெளிகளிலும் இதையொத்த ஏற்ற இறக்கம் காணப்படுகிறது.

பின்னர் அவர்கள் மூவகை மெட்டுகளை உருவாக்கிப் பலரைக் கேட்கச் செய்தனர். சுரங்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றி வந்த மெட்டு தாறுமாறாகத் தோன்றியது. முந்தைய சுரத்தை ஒட்டியே நகர்ந்த மெட்டு சலிப்பூட்டியது. மேற்சொன்ன விதிப்படி அமைந்த மெட்டே இனித்தது. எதிர்பார்ப்பும் வியப்பும் அதில் அளவோடு கலந்திருந்தன.

இசை தரும் அமைதிக்கும் இவ்விதியே காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. 2006இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டி குழுவினர் 24 பேருக்குப் பலவகை இசையை ஒலிக்கச் செய்து சோதித்தனர். இசையின் வேகம் கூடியபோது மூச்சும் இரத்த அழுத்தமும் உயர்ந்தன. இடையே 2 நிமிடம் இசை நின்றபோதோ, அவை தொடக்க நிலையினும் தாழ்ந்தன. இசையின் வகையைவிட அதன் வேகமே முக்கியமாக இருந்தது.

இனிமைக்கு ஓர் அளவு கிடைத்துவிட்டது; அமைதிக்கான தேடல் இன்னும் தொடர்கிறது. அடுத்த முறை இசை கேட்கும்போது, பாட்டு முடிந்தபின் வரும் மௌனத்தையும் சற்றுக் கவனியுங்கள்.