பாலி முர்ரே கேட்ட அழைப்பு

இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்தான் என்று ஒருவர் கூறினால், அவ்வழைப்பு மெய்யானதா என்று ஆராய்வது திருச்சபைகளின் மரபு. ஆனால் அழைப்பை ஆராயாமல், அழைக்கப்பட்டவரின் நிறத்தையும் பாலையும் மட்டுமே பார்த்துக் கதவடைத்த காலங்களும் உண்டு. அத்தகைய கதவுகளைக் கண்டவர் அமெரிக்காவின் பாலி முர்ரே.

1910ஆம் ஆண்டில் பால்ட்டிமோர் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து, வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் பெரியன்னையிடமும் பாட்டன் பாட்டியிடமும் வளர்ந்தார். பாட்டி கொர்னீலியா அடிமையாகப் பிறந்தவர். 1854ஆம் ஆண்டில் சாப்பல் ஹில் என்னும் ஊரின் எபிஸ்கோப்பல் தேவாலயத்தில், ஒரு சீமாட்டியின் அடிமைப் பிள்ளைகளுள் ஒருவராக ஞானஸ்நானம் பெற்றவர்.

1938ஆம் ஆண்டில் வட கரோலினாப் பல்கலைக்கழகம் முர்ரேயை நிறம் காரணமாக ஏற்க மறுத்தது. 1944இல் ஹோவர்டு சட்டக் கல்லூரியில் முதல் மாணவராகத் தேறிய பின், ஹார்வர்டு பல்கலைக்கழகம் பெண் என்ற காரணத்தால் மறுத்தது. இவ்விரண்டையும் அவர் ஊரறிய எதிர்த்தார். மூன்றாவது துயரம் ஊரறியாதது. பெண்ணாகப் பிறந்தும் தம் உள்ளம் ஆணுள்ளம் என்றே அவர் உணர்ந்தார், பெண்களையே நேசித்தார். இளமையில் இயக்குநீர் மருத்துவம் வேண்டி மருத்துவர்களை நாடினார், அவர்களும் மறுத்தனர். இச்செய்தியை அவர் தம் அந்தரங்கத் தாள்களிலேயே விட்டுச் சென்றார்.

வழக்கறிஞராகவும் பேராசிரியராகவும் புகழ்பெற்றிருந்தபோது, 1973ஆம் ஆண்டில் அவருடைய நெடுநாள் தோழி மறைந்தார். அத்துயரின் நடுவே குருத்துவ அழைப்பை முர்ரே உறுதியாக உணர்ந்தார். பேராசிரியர் பதவியைத் துறந்து, 62ஆம் வயதில் நியூயார்க் நகரின் இறையியற் கல்லூரியில் மாணவரானார். அன்று அத்திருச்சபையில் பெண்கள் குருவாக விதி இடங்கொடுக்கவில்லை என்பதை நினைவிற் கொள்க! திறவாத கதவின் முன் நின்றே அவர் பாடம் பயின்றார்.

1976இல் விதி மாறியது. 1977ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் வாஷிங்டன் பேராலயத்தில் முர்ரே குருவாக அபிஷேகம் பெற்றார். அத்திருச்சபையில் குருவான முதல் கறுப்பினப் பெண்மணி என்று வரலாறு அவரைக் குறிக்கிறது. பிப்ரவரி 13ஆம் நாள், பாட்டி ஞானஸ்நானம் பெற்ற அதே சாப்பல் ஹில் ஆலயத்தில் திருவிருந்து ஆராதனையை நடத்தினார். அவர் நற்செய்தி வாசித்த மேடையில், பாட்டியை உடைமையாகக் கொண்டிருந்த சீமாட்டியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது!

எனினும் மூன்றாவது கதவு மூடியே இருந்தது. முர்ரே குருவான இரண்டாம் நாள், பெண்ணை நேசிக்கும் பெண் என வெளிப்படையாகக் கூறிய எல்லன் பாரெட் நியூயார்க்கில் குருவானார். கண்டனக் குரல்கள் எழுந்தன. 1979ஆம் ஆண்டின் பொது மாநாடு, தன்பாலினத்தாரோடு இல்வாழ்வு நடத்துவோரைக் குருவாக்குவது தகாதென்று தீர்மானித்தது. 1985இல் முர்ரே காலமானபோதும் நிலை அதுவே.

2012ஆம் ஆண்டில் அத்திருச்சபையின் பொது மாநாடு இரண்டு முடிவுகளை மேற்கொண்டது. பாலின அடையாளத்தைக் காரணமாகக் காட்டி எவரையும் குருத்துவத்திற்குரிய ஆய்விலிருந்து விலக்கலாகாது என்பது ஒன்று. பாலி முர்ரேயைத் திருத்தொண்டர் வரிசையில் வைத்து ஆண்டுதோறும் நினைவுகூர இசைந்தது மற்றொன்று. அழைப்பு அவருக்கு உரிய காலத்திலேயே வந்தது. அதைக் கேட்கும் செவி திருச்சபைக்கு வாய்க்கத்தான் காலம் பிடித்தது.