அக்காவுக்கு வராத வால்வு

 

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவி ஒருத்தி கணவரோடு கிழக்குத் தாம்பரம் வீட்டுக்கு வந்திருந்தாள். கிளம்பும்போது கட்டிக்கொண்டாள். என் காதுக்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு 'டிக், டிக்'. "இன்னும் ஓடுது டீச்சர்" என்று சிரித்தாள். அவள் நெஞ்சில் இருப்பது சித்ரா வால்வு. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. என் அக்கா ஞாபகம்.

அக்காவுக்குச் சின்ன வயதில் தொண்டை வலி, காய்ச்சல், பிறகு மூட்டுக்கு மூட்டு வீக்கம். கஷாயத்தில் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைக் கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் படை, ஆள் தெரியாமல் இதய வால்வையும் தாக்கிவிடும். பாதிப்பு வெளியே தெரியப் பல வருடங்கள் ஆகும். இருபது வயதில் அக்கா இருமினால் சளியில் ரத்தம் வந்தது. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம் பக்கத்திலேயே இருக்கிறதே! பயந்துகொண்டே கூட்டிப் போனார் அப்பா. பரிசோதித்துவிட்டு, "டிபி இல்லை, இதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது" என்றார்கள். டிபி இல்லை என்றதும் அம்மா சந்தோஷப்பட்டாள், பாவம்.

ஏழாம் வகுப்பில் நான் படம் போட்டுக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? இதயத்தில் நான்கு அறைகள், நான்கு வால்வுகள். ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுகள் அவை. 'லப்-டப்' என்பது அவை மூடும் ஓசை. அக்காவுக்கு இடப்பக்க ஈரிதழ் வால்வு தடித்து, ஒட்டி, சின்ன சந்தாகிவிட்டது. ரத்தம் முன்னே போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்கும். அதனால்தான் இருமலும் மூச்சிரைப்பும். அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வலப்பக்கமும் களைத்துவிடும். பிறகு கால் வீங்கும், அழுத்தினால் குழி விழும். இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிடுவது என்று பலர் நினைக்கிறீர்கள். இல்லை. அது துடித்துக்கொண்டேதான் இருக்கும். உடம்புக்கு வேண்டிய அளவு தள்ள முடியாது, அவ்வளவுதான். கடைசி மாதங்களில் அக்கா படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். வெளிநாட்டு வால்வு வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. 1979-இல் போய்விட்டாள். நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன்.

அதே காலத்தில் திருவனந்தபுரத்தில் ஒருவர் இதற்காகவே உழைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும். டாக்டர் எம்.எஸ்.வலியத்தான். மாவேலிக்கரைக்காரர், இதய அறுவை மருத்துவர். நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையிலும் கிண்டி பக்கத்து ஐஐடியிலும் சில காலம் இருந்துவிட்டு, ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்துக்குப் போனவர். வால்வு கெட்டு வரும் ஏழைப் பிள்ளைகளைப் பார்த்து, இங்கேயே செய்வோம் என்று இறங்கினார்.

லேசான வேலையா அது? நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கணக்குப் போடுங்கள். நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல். வருடத்துக்கு ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம் தடவை அந்தக் கதவு திறந்து மூட வேண்டும். முதல் மாதிரி டைட்டானியம். சோதனை இயந்திரத்தில் ஓட்டியபோது பற்றவைத்த இடம் முறிந்தது. அடுத்ததில் நீலக்கல் படிகத்தில் தட்டு செய்தார்கள். கல் தேயவில்லை, கல் உரசி உலோகம் தேய்ந்தது! சட்டத்தைக் கடினமான கோபால்ட் கலப்பு உலோகமாக மாற்றினார்கள். இப்போது ஆட்டுக்குப் பொருத்திய இடத்தில் கல்லே உடைந்தது. நீலக்கல்லை விட்டுவிட்டு நான்காவது மாதிரியில் போட்டது என்ன தெரியுமா? பாலிஎத்திலீன். சாதாரண பிளாஸ்டிக் வகையின் மிகமிக உறுதியான அண்ணன். அது நின்றது. மற்ற பல வால்வுகளைவிடச் சத்தமும் குறைவு. மூன்று தடவை தோற்றதை மறைக்காமல் எழுதியும் வைத்தார் வலியத்தான். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். பிறகு நம் சென்னையின் டிடிகே நிறுவனம் தயாரிப்பை ஏற்றது. விலை இறக்குமதி வால்வைவிட வெகு குறைவு. இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலையில் வலியத்தான் மறைந்தபோது இங்கே எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது?

பிள்ளைகளே, உங்கள் குழந்தைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, பின்னாலேயே மூட்டு வீங்கினால் கஷாயத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வந்தது ருமாட்டிக் காய்ச்சல் என்றால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில் போட வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

அன்று அவளுக்கு முருங்கைக்கீரைப் பொரியல் பரிமாறினேன். ஒரு கரண்டியோடு கையை மறித்துவிட்டாள். உலோக வால்வில் ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை உண்டு. கீரை திடீரென்று அதிகமானால் அதன் வேலை குறையுமாம். "அளவு மாறக் கூடாது டீச்சர். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை இருக்கு" என்றாள். மிச்சப் பொரியலை அவள் கணவர் சாப்பிட்டார்.